ஐம்பத்தொன்றரை அங்குலம்

2022-ஆம் ஆண்டு நவம்பர் 18, வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணி பத்து நிமிடம். மழை விட்டிருந்தது. ஆனால் இரவெல்லாம் பெய்த சாரலில் சாலை நனைந்து கிடந்தது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனி. கொல்லிமலையின் எழுபதாவது கொண்டை ஊசி வளைவைக் கடந்து என் பழைய பிக்கப் வண்டியை இறக்கத்தில் விட்டேன். வளைவுகளுக்கு அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எண் போட்டிருப்பதால், இறங்குகிறவர்களுக்கு எழுபதில் தொடங்கி ஒன்றில் முடியும். வண்டியின் பின்பக்கம், டிரைவர் அறையை ஒட்டி விரித்திருந்த மெத்தையில் என் மனைவி படுத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் பன்னிரண்டு மூட்டை மரவள்ளிக் கிழங்கு.

ஆட்களை ஏற்றக்கூடாத இடத்தில் அவளை ஏன் படுக்க வைத்தேன் என்று கேட்பீர்கள். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் கீழே நாமக்கல்லுக்குப் போய் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வரவேண்டும். பேருந்தில் போய்ப் பார்த்தோம். திரும்பி வரும்போது எழுபது வளைவிலும் வாந்தி, உட்காரவே முடியவில்லை. அந்த நோயில் எலும்பும் வலுவிழந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாலையில் ஒரு சின்னக் குழி வந்தாலும் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். அதனால் மிளகும் பலாவும் ஏற்றுவதற்காக நான் வாங்கியிருந்த பிக்கப்பில் மெத்தையைப் போட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, படுத்தபடியே கூட்டிப்போனேன். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. அவள் முன்பக்கத் தகட்டை ஒருமுறை தட்டினால் மெதுவாகப் போகவேண்டும். இரண்டுமுறை தட்டினால் நிறுத்தவேண்டும்.

வண்டிக்கு அப்போது இருபத்துநான்கு வயது. பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் இரும்புப் பட்டைகள் சுமைக்காகச் செய்தவை: குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். ஒரு டன் ஏற்றினால் ஒழுங்காகப் போகும் வண்டி, நாற்பத்தோரு கிலோ மனுஷியை ஏற்றினால் குதிரைபோலத் துள்ளும். ஒருநாள் போகவர அவள் எத்தனை முறை தகட்டைத் தட்டினாள் என்று எண்ணினேன். நூற்றுப்பதினாறு. மறுவாரமே நீளமான பட்டை போடுவது என்று முடிவு செய்தேன். பட்டை நீளமாக இருந்தால் நன்றாக வளைந்து கொடுக்கும், ஆட்டம் குறையும் என்று லாரிக்காரர்கள் சொல்லக் கேட்டிருந்தேன். நாமக்கல்லில் பழைய லாரி சாமான் விற்கும் இடத்தில் இரண்டு கட்டு தேடிப் பிடித்தேன். கட்டுக்கு ஐந்து பட்டை. துருவில்லை, விரிசலில்லை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

மாட்டுவதற்கு அடிவாரத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மலையில் பிறந்து கீழே வந்து தொழில் செய்பவர். என்னைப் பார்த்ததும், "வாங்க சங்கிலி சார்" என்றார்.

அந்தப் பெயர் எனக்கு மலையில் எல்லா நாட்டிலும் உண்டு; பல ஊர் சேர்ந்ததை அங்கே நாடு என்பார்கள். முப்பத்திரண்டு வருடம் நான் நில அளவையராக இருந்தேன். அதில் பதினொரு வருடம் கொல்லிமலையில். அளவுச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு நான் ஏறி இறங்காத சரிவு அங்கே குறைவு. மலைக்காரர்களுக்கு என்மேல் ஒரு மனத்தாங்கலும் உண்டு. அவர்கள் தங்கள் பூமியைச் சரிவிலேயே நடந்து, அடியெண்ணி அளப்பார்கள். அரசாங்கக் கணக்கு அப்படி இல்லை. சரிவில் சங்கிலியைக் கிடத்தக்கூடாது. ஒரு முனையைத் தரையிலும் மறுமுனையைத் தூக்கியும் மட்டமாகப் பிடித்து, நேர்கோட்டு நீளத்தைத்தான் எடுக்கவேண்டும். அப்படி எடுத்தால் ஒவ்வொரு பூமியும் குறைந்துதான் வரும். "ஏனுங்க சார், நான் உழுத பூமி எங்கீங்க போச்சு?" என்று கேட்பார்கள். வளைவும் சரிவும் கணக்கில் வராது, நேர்கோடுதான் அளவு என்று எத்தனை நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பட்டறையில் வேலை இதுதான். பட்டையின் முன்முனையைப் பிடிக்கும் கொக்கியையும் பின்முனையைப் பிடிக்கும் கொக்கியையும் வண்டியின் சட்டத்திலிருந்து அறுத்தெடுத்து, புது நீளத்துக்குத் தள்ளிப் பற்றவைக்க வேண்டும். பின்முனை நேராகக் கொக்கியில் மாட்டியிருக்காது. நடுவில் ஊஞ்சல்போல் ஆடும் ஒரு சின்ன இரும்புத் துண்டு உண்டு, ஷேக்கிள் என்பார்கள். பட்டை அசைய அசைய அதுவும் முன்னும் பின்னும் ஆடும்.

பட்டறைக்காரர் ஒரு சணல் கயிற்றை எடுத்தார். வில்போல வளைந்திருந்த பட்டையின் ஒரு துளையிலிருந்து மறு துளைவரை, வளைவின்மேலேயே கயிற்றை ஒட்டி வைத்தார். ஐம்பத்துநான்கு அங்குலம். நான் என் இரும்பு டேப்பை எடுத்து, துளைக்குத் துளை நேராகப் பிடித்தேன். ஐம்பத்தொன்றரை.

"வளைவோட அளக்கோணுங்க சார்" என்றார் அவர். "சொமை ஏறுனா பட்டை நிமிரும். நிமிந்தா நீளும். அந்த நீளத்துக்கு எடம் உட்டுத்தான் பின்னால கொக்கி அடிக்கோணும்."

எனக்குக் கோபம் வந்தது. இரும்பு எப்படி நீளும் என்று கேட்டேன். அளவு என்றால் என்ன என்று பாடம் நடத்தினேன். சுவரில் கரித்துண்டால் ஒரு வில்லும் ஒரு நேர்கோடும் வரைந்துகூடக் காட்டினேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நீங்க இப்படி அளந்துதானுங்க எங்க அப்பனோட மூணு ஏக்கரா ரெண்டரையாச்சு. பூமி பாவம், அளந்தா அளந்ததுதான்னு கம்முனு கெடக்கும். இது கெடக்காதுங்க சார்."

பழைய வன்மத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு நிற்கவில்லை, அப்படியே சொல்லியும் விட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. "உங்க வண்டி, உங்க அளவுங்க" என்று சொல்லிவிட்டு, நான் சாக்கட்டியால் கோடு போட்ட இடத்தில் பின்கொக்கிகளைப் பற்றவைத்தார். மற்ற வேலைகளை அவர் பார்த்துப் பார்த்துத்தான் செய்தார். பிரேக் குழாயை நீளமாக மாற்றினார், அச்சு இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று மூன்று முறை சரிபார்த்தார். வண்டியை எடுக்கும்போது ஜன்னலருகே வந்து, "அம்மா மட்டும்னா ஓடீருமுங்க. மூட்டை கீட்டை ஏத்தீராதீங்க" என்றார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த மூன்று பயணமும் அவ்வளவு சுகம். முதல் நாள் எழுபது வளைவு இறங்கி முடிக்கும்வரை அவள் தட்டவேயில்லை. பயந்துபோய் அடிவாரத்தில் நிறுத்திப் பார்த்தால் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்து, "பட்டை நல்லாத்தான் இருக்குதுங்க, தொட்டில்ல போட்ட மாதிரி" என்றாள். அவள் வாயால் ஒன்று நன்றாக இருக்கிறது என்று கேட்டு வெகுநாளாகியிருந்தது. பட்டறைக்காரர் சொன்னது சுத்தப் பொய் என்று அன்று முடிவுகட்டினேன்.

நாலாவது பயணம்தான் அந்த வெள்ளிக்கிழமை. முந்தின நாள் மாலை பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்தார். திண்ணனூர் நாட்டில் எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு சரிவில் மரவள்ளி போட்டிருப்பவர். கிழங்கு பிடுங்கி மூட்டை கட்டியாயிற்று, சொல்லிவைத்த வண்டி வரவில்லை, இன்னொரு நாள் கிடந்தால் கிழங்கு கறுத்துவிடும் என்றார். "உங்க வண்டி சும்மாதானுங்க சார் எறங்குது" என்றார். அவர் வீட்டம்மாதான் என் மனைவிக்கு உப்பில்லாமல் தனியாகச் சமைத்துக் கொடுப்பவர். மறுக்க முடியவில்லை என்று சொன்னால் பாதி உண்மை. மீதி உண்மை, ஓட்டிக்காட்டவேண்டும் என்ற ஆசை எனக்கே இருந்தது. ஐம்பது கிலோ வீதம் பன்னிரண்டு மூட்டை, அறுநூறு கிலோ. ஒரு டன் இழுக்கிற வண்டிக்கு இது ஒரு சுமையா என்று கணக்குப் போட்டேன்.

ஏற்றி நகர்ந்ததுமே வண்டி வேறு மாதிரி இருந்தது. தொட்டில் போய்க் கட்டைவண்டி ஆகிவிட்டது. அறுபத்தாறாவது வளைவில் அவள் ஒருமுறை தட்டினாள். மெதுவாகப் போனேன். ஐம்பத்தெட்டில் மறுபடி ஒருமுறை. நாற்பத்தாறாவது வளைவில் இரண்டு முறை தட்டினாள். நிறுத்தினேன். மணி ஆறு நாற்பத்தொன்று.

"ஏனுங்க, இடுப்பு உட்டுப்போவுது. பின்னால எதோ இடிக்குதுங்க" என்றாள்.

டார்ச் விளக்கை அடித்துக் குனிந்து பார்த்தேன். வில்லாக இருந்த பட்டை சுமையில் கிட்டத்தட்ட நேராகியிருந்தது. அதனால் பின்முனை பின்னால் போயிருந்தது. ஊஞ்சல்போல் ஆடவேண்டிய ஷேக்கிள் முழுக்கப் பின்னால் சாய்ந்து, சட்டத்தில் மோதி, அப்படியே முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் அதே கதை. இனிப் பட்டை நீள்வதற்கு இடமில்லை. இடமில்லாததால் வளைந்து கொடுக்கவும் வழியில்லை. இரண்டரை அங்குலம். பட்டறைக்காரர் கயிற்றால் காட்டிய அதே இரண்டரை அங்குலம். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரியாமல் ஓட்டியிருந்தால்கூட இன்றைக்கு மனதுக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கும்.

"மூட்டைய இங்கயே ஓரமா எறக்கி வெச்சுட்டுப் போலாமுங்க. கெழங்க ஆரு எடுத்துட்டுப் போறாங்க?" என்றாள் அவள்.

எனக்கு அப்போது எழுபத்தொரு வயது. பன்னிரண்டு மூட்டையை ஒற்றை ஆளாக எப்படி இறக்குவது? எட்டரை மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். தாமதமானால் இயந்திரத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள், பிறகு சாயங்காலம்வரை காத்துக்கிடக்க வேண்டும். யாராவது வரும்வரை நின்றால் நேரம் போய்விடும் என்று நினைத்தேன். "மெதுவாகப் போய்விடலாம், நீ பிடித்துக்கொள்" என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.

முப்பத்தெட்டாவது வளைவு. மணி ஆறு ஐம்பத்து மூன்று. சாலையின் குறுக்கே மழைநீர் அரித்த ஒரு பள்ளம். ஒரு சாண் ஆழம்கூட இருக்காது. பின்சக்கரம் அதில் இறங்கியபோது வேட்டு வெடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. இடதுபக்க முதல் பட்டை முன்முனையில் முறிந்துவிட்டது. பின்சக்கரம் நிலை தவறி, வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்த் தடுப்புச் சுவரில் மோதி நின்றது. சுவர் தாங்கியது. ஆனால் இறக்கத்தில் மூட்டைகள் நிற்குமா? எல்லாம் முன்னால் சரிந்துவிட்டன.

தகட்டில் தட்டல் வருகிறதா என்று காது கொடுத்தேன். வரவில்லை.

பின்னால் ஓடி ஏறினேன். முதல் மூட்டையைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. மறுபடி இழுத்தேன். உள்ளேயிருந்து அவள் குரல், "மேல ரெண்டு, கால்ல ஒண்ணுங்க" என்றது. நான் எண்ணிக்கை பார்ப்பவன் என்பதால் எனக்காக எண்ணிச் சொல்லியிருக்கிறாள். பிறகு குரல் வரவில்லை. நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

நாலு நிமிடத்தில், கீழேயிருந்து மேலேறும் பேருந்து வந்தது. அந்த நேரத்துக்கு அது வரும் என்பது எனக்கு மாதக்கணக்காகத் தெரியும். வாரம் இருமுறை எதிரே பார்க்கிற பேருந்துதான். டிரைவர் அப்படியே நிறுத்திவிட்டுக் குதித்தார். பின்னாலேயே கண்டக்டரும் பத்துப் பதினைந்து பேரும். "தாத்தா நகருங்க, நீங்க நகருங்க" என்று என்னைத் தூக்காத குறையாக இறக்கிவிட்டார்கள். மூட்டைகளை எடுத்து எறிந்தார்கள். இரண்டு மூட்டை பிரிந்து, கிழங்குகள் பள்ளத்தில் உருண்டன. பன்னிரண்டு மூட்டையும் கீழே வர மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த நேரத்திலும் பார்த்தேன்.

பேருந்தைத் திருப்ப முடியாது. மேலேயிருந்து ஒரு பால் வண்டி இறங்கி வந்தது. டிரைவர் முப்பது வயதுக்காரர். யாரென்று இன்றுவரை தெரியாது. எட்டிப் பார்த்தார். பின்கதவைத் திறந்து பால் கேன்களைச் சாலையோரம் இறக்க ஆரம்பித்துவிட்டார். பேருந்துக்காரர்களும் கைகொடுத்தார்கள். பதினான்கு கேன். "பால் கெட்டுப்போவுமேப்பா" என்று நான் உளறினேன். "போனா போவுது. ஏறுங்க சாமி" என்றார். மெத்தையோடு அவளைத் தூக்கி அந்த வண்டியில் வைத்தோம். மீதி முப்பத்தேழு வளைவும் அவள் தலையை என் மடியில் பிடித்துக்கொண்டே இறங்கினேன்.

இடது இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. சிறுநீரக நோயாளி என்பதால் உடனே அறுவை செய்யத் தயங்கினார்கள். ஒன்பதாம் நாள் செய்தார்கள். எலும்பு சேரவில்லை. இனி நடக்கமாட்டாள் என்று பதினைந்தாம் நாள் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்கள். அவளிடம் நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பட்டறைக்காரர் பார்க்க வந்தார். ஒரு சீப்பு மலை வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். அது அவளுக்கு ஆகாது என்று தெரிந்ததும் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லுவார், சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஆறும் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "அம்மாவுக்கு நோவு எப்படீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அவள்தான் பேசினாள். "இப்ப உங்க சார் என்னைய அளந்தா சரியா வருமுங்க. வளைவே இல்ல பாருங்க, நேராப் படுத்திருக்கறன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார். வெளியே நடையில் வைத்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க சார், நானாச்சும் அன்னிக்கு முடியாதுன்னு சொல்லி வண்டிய திருப்பி அனுப்பியிருக்கோணுமுங்க" என்றார். என் தப்பில் ஒரு பங்கை அவர் எடுத்துக்கொண்டு போனதை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

மலைவீட்டைப் பூட்டிவிட்டோம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில், படியில்லாத ஒரு தரைத்தள அறையில் இருக்கிறோம். மிளகுக் கொடியைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பார்த்துக்கொள்கிறார். கிழங்குக்குப் பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. வண்டியை எடைக்குப் போட்டாயிற்று. மதியம் அவள் தூங்கும்போது நான் மனதுக்குள் அந்த நாற்பத்தாறாவது வளைவுக்கே போய் நிற்கிறேன். ஆறு நாற்பத்தொன்றுக்கு நின்றேன். பேருந்து அந்த இடத்துக்கு ஏழு ஆறுக்கெல்லாம் வந்து சேர்ந்திருக்கும். இருபத்தைந்து நிமிடம். அதே பதினைந்து பேர் இறங்கி, அதே பன்னிரண்டு மூட்டையை அதே மூன்று நிமிடத்தில் இறக்கியிருப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு அரை மணி தாமதமாகப் போயிருப்போம். சாயங்காலம்வரை காத்திருந்து, ராத்திரி வீட்டுக்கு வந்திருப்போம். எத்தனை முறை போட்டாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. அவளிடம் ஒருமுறை சொன்னேன். "அதைய எத்தனை தடவைதான் எண்ணுவீங்க? தண்ணி குடுங்க" என்றாள். அவளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் தண்ணீர். அளந்துதான் கொடுக்கிறேன்.

ஒரு மனிதர் கயிற்றைப் பிடித்துக் காட்டி இலவசமாகச் சொன்னதை நான் கேட்டுக்கொள்ளாததற்கு, பட்டை வாங்கியதிலிருந்து இன்று காலைவரை, அவள் நடை நீங்கலாக, ஆன மொத்தச் செலவு மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூற்று இருபது ரூபாய்.